கோடு போட்ட கட்டம்

அவருக்குப் பெயர் இருந்தது. எழுத மாட்டேன். எழுதினால் வாசிக்கிறவர்கள் ஆளைத் தேடிப் போய்விடுவார்கள், நான் சொல்ல வந்தது இங்கேயே நின்றுவிடும். எங்கள் தோட்டத்தில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததும் இல்லை. முதுகுக்குப் பின்னால் படக்கார மிஸ், முகத்துக்கு முன்னால் வெறும் மிஸ். நெடுகிலும் 'அவர்' என்று மரியாதையாகத்தான் வரும். அது என் வாய்ப்பழக்கம். அவருக்காகக் கொடுக்கிற மரியாதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு படத்தைக் கையில் கொடுப்பார். கொடுத்துவிட்டு நம் பக்கத்தில் வந்து நிற்பார். எதிரில் நிற்கவே மாட்டார். எதிரில் நின்றால் ஆட்கள் படத்தைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துப் பதில் தேடுவார்களாம். பிறகு பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டு, "என்ன தெரியுது?" என்பார். நாம் சொல்வதைக் கொப்பியில் எழுதிக்கொள்வார். சரி என்றோ பிழை என்றோ ஒரு வார்த்தை வராது.

முதல் தடவை என்னிடம் கேட்டது பிள்ளை மடுவத்தில். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. நான் அங்கே டீச்சர். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் பாலுக்கு அழுதுகொண்டிருந்த நேரம், ஒரு பெண் உள்ளே வந்து, கொழும்பிலிருந்து வருகிறேன் என்று சொல்லி, ஒரு தாளை நீட்டினார். யாழ்ப்பாணப் பேச்சு. என் வயதுதான் இருக்கும். தாளில் நீலக் கோடு ஒன்று மேலும் கீழுமாக ஓடியது.

"என்ன தெரியுது?"

எனக்கு எரிச்சல். ஓ.எல். பரீட்சை எழுதிப் பதினைந்து வருடம் கழித்துத் திரும்பவும் பரீட்சையா என்று நினைத்தேன். "பல்லி செவுத்துல ஏறி எறங்குன மாதிரி இருக்கு மிஸ்" என்றேன். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால் விழுந்து விழுந்து சிரித்தார். பல்லி என்று கொப்பியில் எழுதினார். தாளை நான்காக மடித்துக் குப்பையில் போட்டார். அது அவர் ஒரு மாதமாகச் செய்த படம் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. என் பேச்சுக்காகத் தன் வேலையைக் குப்பையில் போட்டவர் அதற்கு முன் யாரும் இருந்ததில்லை.

வந்த விஷயம் மண்சரிவு. எங்கள் தோட்டம் றக்வானைக்கு மேலே, செங்குத்தான மலையில். மழை பிடித்தால் விடாது. அப்போதெல்லாம் மாவட்டம் முழுவதற்கும் ஒரே எச்சரிக்கை போனில் வரும், எல்லாரும் இறங்குங்கள் என்று. நாலு தடவை இறங்கி ஒன்றும் நடக்காமல் ஏறிவந்தால் ஐந்தாம் தடவை யார் இறங்குவார்கள்? மிஸ் சொன்னது வேறு. தொழிலாளிகள் வரிசை வீடுகளில் குடியிருக்கிற எங்கள் ஐந்து லயங்களிலும் நாங்களே மழையை அளந்து, சுவர் விரிசலை அளந்து, மலையிலிருந்து வந்து விழுகிற பீலித் தண்ணீர் கலங்கியிருக்கிறதா தெளிந்திருக்கிறதா என்று பார்த்து எழுதவேண்டும். அதை அவர் டெப் என்கிற பலகைக் கணினியில் படமாக்கித் தருவார். பார்த்து யோசித்து முடிவெடுப்பது நாங்கள்.

"எச்சரிக்கை அனுப்ப நிறைய ஆக்கள் இருக்கினம் டீச்சர். நான் யோசிக்கிறதுக்கு ஒரு சாமான் செய்ய வந்தனான்."

அளந்து டெப்பில் எழுதுகிற பொறுப்பு எனக்கு வந்தது. எழுதத் தெரியும், சிங்களம் சரளமாக வரும், பகலில் லயத்துப் பக்கம் இருக்கிற ஆள் என்பதால். நானும் மேட்டு லயத்துக்காரிதான், வரிசையில் மூன்றாவது காம்பரா, ஒற்றை அறை வீடு.

தோட்டத்து வரைபடம் ஒன்றை மடுவத்துத் தரையில் விரித்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். வரைபடத்தில் வடக்கு மேலே இருந்தது. எங்கள் மலை தெற்குப் பக்கமாக ஏறுகிறது. அதனால் மேட்டு லயம் தாளின் அடியில் கிடந்தது, ஆற்று லயம் உச்சியில் இருந்தது. என்ன தெரியுது என்று மிஸ் கேட்டார். நான் தலையைச் சொறிந்தேன். அடுத்த காம்பரா பார்வதி அக்கா, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். தாளின் இரண்டு முனையையும் பிடித்துத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார்.

"மேட்டு லயம் கீழ கெடந்தா தண்ணி எந்தப் பக்கம் மிஸ் ஓடும்?"

மிஸ் தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அவர் படங்கள் எல்லாவற்றிலும் மலை மேலே, ஆறு கீழே. வடக்கு எங்கேயோ போய்த் தொலைந்தது. கொப்பியில், பார்வதி அக்கா திருப்பினவ என்று எழுதி, பக்கத்தில் தேதி போட்டார்.

மழைப் படத்துக்கும் இப்படித்தான். றக்வானை பஸ்ஸில் மிஸ் வளைவுக்கு வளைவு வாந்தி எடுப்பார். இறங்கியதும் சந்தியில் ஒரு சிங்கள முதலாளியின் தேத்தண்ணிக் கடையில் பாலில்லாமல், இஞ்சி போட்டு ஒரு பிளேன்டி. ஒரு நாள் நானும் கூட இருந்தபோது, குடித்து முடியுமுன் டெப்பை எடுத்து அந்த முதலாளியிடமே நீட்டிவிட்டார். எனக்குக் கூச்சமாகப் போயிற்று. மனிதர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒரு நாள் மழையைக் காட்டி என்ன பிரயோசனம் என்று சிங்களத்தில் கேட்டார். முதல் நாள் மண் குடிக்கும், இரண்டாம் நாளும் குடிக்கும், மூன்றாம் நாள் கக்கும் என்றார். நான் தமிழில் சொன்னேன். அடுத்த மாதம் வந்த படத்தில் ஒவ்வொரு லயத்துக்குப் பக்கத்திலும் ஏழு போத்தல்கள் வரிசையாக நின்றன. ஏழு நாள் மழை. எங்கள் கூரைத் தகரத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த வெட்டிய பிளாஸ்டிக் போத்தல் மாதிரியே வரைந்திருந்தார். போத்தலை விரலால் அழுத்தினால் அன்றைய விரிசலும் பீலித் தண்ணீரும் திறக்கும். எழுத்துத் தெரியாத ஆளுக்கும் அது பேசியது.

நிறம் மட்டும் போட மாட்டார். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அடித்தால் லேசாக விளங்குமே என்று நான் இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறேன். "சிவப்பு எண்டு நான் சொல்லிப்போட்டா பிறகு நீங்கள் பாக்கமாட்டியள். நிறத்தைப் பாத்திட்டு உள்ள போய்ப் படுத்திடுவியள்" என்றார். அது அவர் வாயில் வந்த வார்த்தை. நான் மறக்கவில்லை. அவர் மறந்தாரா இல்லையா என்பதுதான் இன்றுவரை எனக்கு விளங்காத கணக்கு.

அந்தப் படம் வேலை செய்தது என்பதையும் சொல்லாமல் விட்டால் பாவம். வைகாசி மழையில் ஒரு முறை எங்கள் லயத்துப் போத்தல்கள் மூன்று நாளாக நிறைந்து நின்றன. பார்வதி அக்கா படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், போத்தல் நிறைஞ்சிருக்கு, பீலியும் கலங்கியிருக்கு, ஆனால் நம் பின்பக்கத்து வடிகானில் தண்ணியைக் காணோமே, அப்படியென்றால் பெய்த மழை எங்கே போகிறது என்று கேட்டார். ஆண்கள் மண்வெட்டியோடு ஏறிப் போய்ப் பார்த்தார்கள். மேலே கான் அடைத்துத் தண்ணீர் முழுக்க மலைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பகலோடு பகலாகப் பன்னிரண்டு காம்பராவும் இறங்கிப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். இரண்டாம் நாள் கானுக்குக் கீழே தேயிலையோடு ஒரு துண்டு வழுக்கி வந்து எங்கள் கோழிக்கூட்டைத் தட்டிக்கொண்டு நின்றது. எந்த எச்சரிக்கையும் எங்களிடம் கானைப் பற்றிக் கேட்டதில்லை. மிஸ்ஸுக்குப் போனில் சொன்னபோது மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுதார் என்று நினைக்கிறேன். பார்வதி அக்கா அந்த வாரம் அவருக்கென்று ஒரு போத்தல் ஊறுகாய் போட்டு வைத்தார்.

அதே ஆண்டு தீபாவளிக்கு எங்கள் வீட்டில்தான் தங்கினார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் லயத்தில் யாரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. சுவரில் வெடித்த இடமெல்லாம் களிமண் அப்பி, மேலே சுண்ணாம்பு அடிக்க வேண்டும். தொழிலாளி வீடு என்று யாரும் மூஞ்சியைச் சுளிக்கக் கூடாது என்கிற வீம்பு. நான் மண் குழைத்து அப்பினேன், மிஸ் தும்பு மட்டையை எடுத்துச் சுண்ணாம்பு அடித்தார். மூக்கு நுனியிலும் இமையிலும் வெள்ளை. பார்வதி அக்கா அவரைப் பார்த்து, மாப்பிள்ளை பார்க்க வர்ற நேரம் என்று கேலி பண்ணினார். பன்னிரண்டு காம்பராவும் ஒரே வெள்ளை. ஆற்று லயத்தில் மட்டும் அந்த வருடம் ஒரு சாவு. எல்லாரும் பங்காளிகள் என்பதால் தீபாவளியும் இல்லை, சுவர் பூசவும் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு விரிசல் அளக்கப் போனால், அளக்க ஒன்றுமே இல்லை. விரிசலின் இரு பக்கமும் பென்சிலால் வைத்திருந்த புள்ளிகளின் மேலேயே நாங்கள் சுண்ணாம்பு அடித்திருந்தோம். ஐந்து லயத்தில் விரிசல் இருந்தது ஆற்று லயத்திலும் எங்கள் லயத்திலும்தான். அதில் எங்களுடையது ஒரே நாளில் மறைந்துபோயிற்று.

நான் டெப்பில் பூஜ்ஜியம் போட்டேன். ஏன் போட்டாய் என்று இத்தனை வருடமாக என்னை நானே கேட்கிறேன். பதில் எளிது. நாங்கள் தோட்டத்துப் பிள்ளைகள். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்களத்தில் பேர்ப் புத்தகத்தில் கட்டம் வெறுமையாக இருந்தால் அன்றைக்கு நீ வரவில்லை, உனக்குப் பேர் விழாது. வெறும் கட்டம் என்றால் எங்களுக்கு ஒரு நாள் கூலி போச்சு. ஏதாவது ஒன்றை எழுதிவிட வேண்டும். எழுதினேன்.

மிஸ் பார்த்ததும் என்னை உட்கார வைத்தார். "டீச்சர், தெரியாதது வேற, இல்லாதது வேற" என்றார். விரிசல் இல்லாமல் போகவில்லை, எங்களுக்குத் தெரியாமல் போயிருக்கிறது, இரண்டையும் ஒன்றாக எழுதினால் படம் பொய் சொல்லும் என்றார். ஒருவர் எழுதினதை அழிப்பது அவர் வழக்கம் இல்லை. அதனால் என் பூஜ்ஜியத்தை உள்ளே அப்படியே விட்டு, படத்தில் அந்த வாரத்துக்கு மேல் சாய்வாகக் கோடு போட்ட கட்டம் ஒன்றை வைத்தார். கட்டத்துக்குப் பக்கத்தில் 'சுண்ணாம்பு' என்று தமிழில் எழுதினார். யார் பார்த்தாலும், இது என்ன என்று நின்று கேட்க வேண்டும், அதற்காகத்தான் அந்தக் கோடு என்றார். பொங்கல் வரை புதுப் பூச்சு அசையாமல் நின்றது, நானும் வாரா வாரம் கோடு போட்டேன்.

பொங்கல் கழிந்ததும் இரத்தினபுரியில் அதிகாரிகளின் கூட்டம். எங்கள் தோட்டத்தில் ஒரு லயத்தை முதலில் இறக்கிப் பாதுகாப்பான இடத்தில் வீட்டுக் காணி கொடுக்கப் போகிறார்கள், எந்த லயம் என்று தீர்மானிக்க மிஸ்ஸின் படத்தைத்தான் பார்ப்பார்கள் என்று செய்தி வந்தது. மேட்டு லயத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். எங்களுக்குக் காணி வந்துவிட்டது மாதிரி பார்வதி அக்கா எந்தப் பக்கம் அடுப்பங்கரை வைப்பது என்று பேச ஆரம்பித்துவிட்டார். அளந்த ஆள் என்பதால் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். கலியாணச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன்.

மண்டபத்தில் பெரிய திரை. மிஸ் எழும்பிப் போய்ப் படத்தைப் போட்டார். நான் முதலில் அது எங்கள் படம் என்றே நினைக்கவில்லை. போத்தல்கள் இல்லை. பீலி இல்லை. ஐந்து கட்டங்கள் மட்டும். மலை மேலே, ஆறு கீழே என்று பார்வதி அக்கா திருப்பினது மட்டும் அப்படியே இருந்தது. அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். ஆற்று லயம் சிவப்பு. மற்ற லயங்கள் மூன்றும் மஞ்சள். உச்சியில் எங்கள் லயம் பச்சை. பச்சைக்குள், வெடிப்பு குறைகிறது என்று கீழ்நோக்கி ஒரு அம்பு.

கோடு போட்ட கட்டத்தைத் தேடினேன். இல்லை. மேலே வைத்திருந்த கோட்டைத் தூக்கியதும் அடியில் கிடந்த என் பூஜ்ஜியம் எழுந்து உட்கார்ந்திருக்கிறது.

தலைமை வகித்தவர் சிங்களத்தில் கேட்டார், மேலே உள்ள லயம் முன்னேறி வருகிறதா என்று. நான் மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்தார். பொறுக்க முடியாமல் நான் எழும்பி, அது முன்னேற்றம் இல்லை ஐயா, அது சுண்ணாம்பு என்றேன். தீபாவளிக்கு நாங்கள் பூசினது, அடியில் வெடிப்பு அப்படியேதான் இருக்கிறது என்றேன். நாலைந்து பேர் லேசாகச் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. மிஸ் பக்கம் திரும்பி, இந்த அம்மா சொல்வது என்ன என்று கேட்டார்.

மிஸ் ஒரு நிமிஷம் பென்சிலைக் கடித்தார். பிறகு சொன்னார், தட்டுத் தடுமாறின சிங்களத்தில், ஆனால் எல்லாருக்கும் விளங்கும்படி: "இந்த எண்கள் எல்லாம் இவங்களே பதிந்தவை."

பொய் இல்லை. ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. என் கையால் போட்ட பூஜ்ஜியம்தான். சுண்ணாம்பு அடித்த கை யாருடையது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று சொல்வார்களே, கேள்விப்பட்டிருக்கிறேன். கத்தி இவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உட்கார்ந்தேன். கலியாணச் சேலையில் உட்கார்ந்திருப்பதே வெட்கமாக இருந்தது.

ஆற்று லயம் என்று முடிவாயிற்று. ஆறு அரித்து அவர்கள் வாசல்வரை வந்துவிட்டது, அவர்களுக்கும் வேண்டியதுதான், அதில் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் இரண்டு லயத்தையும் பக்கத்தில் வைத்து, அந்தக் கட்டத்தில் ஏன் கோடு என்று அவர்கள் ஒரு தரம் கேட்டிருக்கலாம். கேட்கிற இடத்தையே அவர் வழித்து எடுத்துவிட்டார்.

வெளியே வராந்தாவில் என்னைப் பிடித்தார். கண் சிவந்திருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை.

"கோடு போட்ட கட்டத்தைப் பாத்து மேலிடத்து ஆக்கள் குழம்பினவை டீச்சர். இது முடியாத படம், முடிச்சுக்கொண்டு வாங்கோ எண்டு ரெண்டு தரம் திருப்பி அனுப்பினவை. மூண்டாந்தரமும் கொண்டுபோனா, திட்டமே இல்லை எண்டினம். ஒரு லயத்துக்காவது கிடைக்கட்டும் எண்டுதான்..."

"எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா மிஸ்? எல்லாத்துக்கும் எங்ககிட்ட என்ன தெரியுதுன்னு கேப்பீங்களே."

பென்சில்தான் வாய்க்குப் போனது. நான் தனியாகப் பஸ் ஏறினேன். அன்றைக்கு வளைவுக்கு வளைவு எனக்குத்தான் வாந்தி வந்தது.

லயத்துக்கு வந்து சொன்னபோது யாரும் மிஸ்ஸைத் திட்டவில்லை. அவர் கொழும்பு ஆள், எட்டாது. எட்டுகிற தூரத்தில் நான் இருந்தேன். பூஜ்ஜியம் போட்டது இவள்தான் என்று ஒரே நாளில் பன்னிரண்டு காம்பராவுக்கும் தெரிந்துவிட்டது. பார்வதி அக்கா சண்டை பிடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நீ அங்கனதானே புள்ள இருந்த?"

அதற்குப் பிறகு உப்பு, புளி என்று என் அடுப்பங்கரைக்குள் வருவதை நிறுத்திவிட்டார். பீலியில் குடத்தை எனக்கு முன்னால் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். ஊறுகாய்ப் போத்தல் ஒன்று மிஸ்ஸுக்கென்று எடுத்து வைத்தது பூஞ்சணம் பிடித்து, அவர் வீட்டுத் தட்டிலேயே வெகுநாள் இருந்தது.

மிஸ் பிறகு வரவில்லை. எங்கள் படம் நல்ல பெயர் எடுத்தது. வேறு மாவட்டங்களுக்கும் போயிற்றாம், பச்சை மஞ்சள் சிவப்பாக. ஒரு நாள் என் மகள் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். வெளிநாட்டில் ஏதோ மண்டபம். மிஸ் ஆங்கிலத்தில் பேசுகிறார், சேலை கட்டி, தலைமுடி வெட்டியிருக்கிறார். பின்னால் திரையில் எங்கள் லயம், வெள்ளை வெளேரென்று. அந்தத் தீபாவளிக்கு அவரே எடுத்த போட்டோ. என்ன சொல்கிறார் என்று மகளிடம் கேட்டேன். ஒரு தொழிலாளிப் பெண் வரைபடத்தைத் திருப்பிப் போட்ட கதையைச் சொல்கிறார் என்றாள். சனம் கை தட்டியது. அடுத்தது, தெரியாததும் இல்லாததும் ஒன்றில்லை என்று சொல்கிறார் என்றாள். அதற்கும் கை தட்டினார்கள். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போனேன். உரிக்கிற வேலை நல்லது. கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

திங்கட்கிழமை அளப்பதை மட்டும் நான் விடவில்லை. யாரும் கேட்கவில்லை, டெப்பும் திரும்பிப் போய்விட்டது. கொப்பியில் எழுதுகிறேன். அந்தக் கொப்பியும் மிஸ் கொடுத்ததுதான் என்பதில் எனக்கு எரிச்சல்.

இந்தத் தீபாவளிக்கும் சுண்ணாம்பு அடித்தேன். ஆனால் முன்சுவரில் விரிசலைச் சுற்றி ஒரு கட்டம் மட்டும் விட்டுவிட்டேன். மண் அப்பவில்லை, வெள்ளை படவில்லை. விரிசலும் இரண்டு பென்சில் புள்ளிகளும் தெரிகிற மாதிரி. சுற்றிலும் பளிச்சென்று வெள்ளை, நடுவில் அழுக்காக ஒரு சதுரம். நாலு பேர் வந்து போகிற நாளில் இது என்ன கோலம் என்று வீட்டுக்காரர் சத்தம் போட்டார். பார்வதி அக்கா வாசலில் நின்று அதைப் பார்த்தார். அவர் சுவர் இன்னும் அடிக்காமல் கிடந்தது. மறுநாள் காலையில் அவர் சுவரிலும் ஒரு சதுரம் வெள்ளையடிக்காமல் இருந்தது.

தீபாவளி கழிந்து இரண்டாவது காணிப் பட்டியலுக்கு முன்னால் ஒரு புது அதிகாரி வந்தார். சிங்கள இளைஞர், கையில் டெப். அதில் எங்கள் லயம் இன்னும் பச்சை. பச்சையாக இருக்கிற இடத்தை ஒரு முறை பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வந்தவர், என் வாசலில் நின்றுவிட்டார்.

"மே மொகத?" என்று கேட்டார். இது என்ன?

என் நாக்கில் எல்லாம் வந்தது. சுண்ணாம்பு, பூஜ்ஜியம், மண்டபம், சிரிப்பு. விழுங்கிக்கொண்டேன். அவருக்கு எதிரில் நின்ற நான் நகர்ந்து போய் அவர் பக்கத்தில் நின்றேன். சுவரைப் பார்த்துக்கொண்டே, உங்களுக்கு என்ன தெரிகிறது என்று சிங்களத்தில் கேட்டேன்.

அவர் வெகுநேரம் பார்த்தார். கிட்டப் போய் விரிசலுக்குள் சுட்டுவிரலை வைத்தார். இரண்டாம் கணு வரை உள்ளே போயிற்று. விரலை எடுத்துத் தன் டெப்பில் பச்சைக் கட்டத்தை அழுத்தினார். ஒன்றும் திறக்கவில்லை. திரும்பவும் அழுத்தினார். இதை எப்படித் திறப்பது, உள்ளே எதுவும் இல்லையா என்று என்னிடம் கேட்டார். முன்பு திறக்கும் என்றேன். நிறத்தை மாற்றவாவது இடம் இருக்கிறதா என்று கேட்டார். அதைச் செய்தவரைத்தான் கேட்க வேண்டும் என்றேன். கடைசியில், கையெழுத்துப் போடக் கொண்டுவந்த தாளின் ஓரத்தில் பேனாவால் ஏதோ எழுதிக்கொண்டார். வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கொடுத்த வாக்கெல்லாம் எனக்குப் போதும்.

அவர் போன பிறகு அந்தச் சதுரத்தைப் போட்டோ எடுத்தேன். என் விரலை விரிசலுக்குள் வைத்து இன்னொன்று. மிஸ்ஸின் நம்பர் இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டையும் அனுப்பி, அடியில் ஒரே வரி எழுதினேன்: என்ன தெரியுது மிஸ்?

உலை கொதிக்குமுன் போனில் இரண்டு சரிக் குறியும் நீலமாகிவிட்டது. பார்த்துவிட்டார். பதில் வரவில்லை. அன்றும் இல்லை, அடுத்த நாளும் இல்லை.

திங்கட்கிழமை கொப்பியைத் திறந்தபோது விரிசல் வரிசைக்குக் கீழே புதிதாக ஒரு வரிசை போட்டு 'மிஸ்' என்று எழுதினேன். கட்டத்தில் பூஜ்ஜியம் போடத்தான் கை போயிற்று. பேர்ப் புத்தகத்தில் வளர்ந்த கை. பாதியில் நிறுத்தினேன். அவர் சொல்லித் தந்ததை அவரிடமே பிழையாகச் செய்ய எனக்கு மனசு வரவில்லை. சாய்வாகக் கோடு போட்டேன். இது மூன்றாவது திங்கட்கிழமை, இன்றைக்கும் போட்டிருக்கிறேன்.

மேல் வரிசையில் கோடு போட வேண்டிய தேவை வரவில்லை. அங்கே எங்கள் சுவரின் அளவு இருக்கிறது. வாரா வாரம் கூடுகிறது.